டீசல்காரர்கள் நடுவே ஒரு பெட்ரோல் எஞ்சின்

நான் வண்டி வாங்கி வந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் அதைப் பார்க்க வந்தவர்கள் நிறைய. பாராட்டியவர்கள் யாரும் கிடையாது. வந்த ஒவ்வொருவரும் பானெட்டைத் திறக்கச் சொன்னார்கள், எட்டிப் பார்த்தார்கள், "பெட்ரோலா?" என்று கேட்டார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போனார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்து "பொண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அப்படி ஒரு முகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எஞ்சின் என்றால் டீசல்தான். மைன்ஸில் மண்ணைத் தள்ளுகிற டோசர், பைப் தூக்குகிற கிரேன், தண்ணீர் தெளிக்கிற லாரி எல்லாமே டீசல். தெருவுக்கு நாலு பேராவது அவற்றைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். டோசர் செக்‌ஷனில் ஃபிட்டர், பர்மனென்ட். வீட்டுக்கு வந்தாலும் கையில் கிரீஸ் வாசனை போகாது. தன்னுடைய தொழிலில் அவர் கெட்டிக்காரர், அதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஆனால் என் வண்டி டோசர் இல்லை. அதை அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

எனக்கு அந்த வண்டி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் பண்ருட்டியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு சர்க்கரைக்காரர்கள் வந்து படியில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ரத்தம் எடுத்துவிட்டால்தான் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடிக்க முடியும். லேபைக் காலையில் திறக்கிற ஆள் யாரோ அவர்தான் பொறுப்பாளர் என்று முதலாளி சொல்லிவிட்டார். பஸ்ஸை நம்பி நான் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. ஒருநாள் வரும், ஒருநாள் வராது, வந்தாலும் படிக்கட்டில் தொங்க வேண்டும். அதனால் வண்டி வாங்கினேன். சின்ன எஸ்யூவி, பெட்ரோல், நான்கு சிலிண்டர். மேடு பள்ளத்துக்கு உயரமாக இருந்தது, ஓட்டுவதற்கு லேசாக இருந்தது. வண்டி இருந்தால் லேப் சாவி என்னிடம். வண்டி போனால் லேப் சாவியும் போச்சு. கணக்கு அவ்வளவுதான்.

வாங்கிய வாரமே என் மூத்தார் வந்தார், வீட்டுக்காரரின் அண்ணன். நெல்லிக்குப்பத்துக்காரர். கரும்பு வைத்திருக்கிறார். ஹாலில் பெரிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, பெட்ரோலுன்றாங்க? பொம்பள ஓட்டறதுக்கு ஒரு வண்டி, அதுவும் பெட்ரோலு. நாளைக்கு நடுரோட்டுல நின்னுகினு யாருக்கு போன் பண்ணுவ? அவன் ஷிப்ட்ல இருப்பான்."

"நிக்காது மாமா."

"எல்லா வண்டியும் நிக்கும்மா. நின்னா உனக்குப் பாக்கத் தெரியுமா? பேசாம குடுத்துட்டு, அவன் பேர்ல ஒரு டீசல் வாங்குங்க. நான் ஆள் பாத்து வித்துக் குடுக்கறேன்."

எனக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "மாமா, இந்த வண்டி ஒரு தடவ நடுரோட்டுல நின்னுச்சுன்னா, சாவியை நானே கொண்டாந்து உங்க கையில வைக்கிறேன், போதுமா?" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர், வண்டி பார்க்க வந்த தெருக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். சமையல்கட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சொன்னது சொன்னதுதான், இனி வண்டியை நிற்கவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அன்று ஆரம்பித்தது என் படிப்பு.

முதல் சர்வீஸுக்குக் கடலூருக்குப் போனபோது, வேலை நடக்கிற இடத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "மேடம், லவுஞ்ச்ல உக்காருங்க, ஏசி இருக்கு, டிவி இருக்கு" என்றார். "டிவி எங்க வீட்லயே இருக்கு" என்றேன். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள், சரி என்றேன், கண்ணாடியை விட்டு நகரவில்லை. வெளியே வருகிற ஒவ்வொரு பையனையும் நிறுத்தி, அது என்ன, இது எதுக்கு என்று கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துவைத்துப் படித்தேன். பாட்டும் படமும் பார்க்கிற நேரத்தில் எஞ்சின் படம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

படிக்கப் படிக்க, டீசலுக்கும் பெட்ரோலுக்கும் எங்கே பாதை பிரிகிறது என்று தெரிந்தது. டீசல் எஞ்சின் காற்றை இறுக்கி நெருக்கும். அந்த நெருக்கத்திலேயே காற்று கொதித்துப்போகும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் அப்படி இல்லை. அதற்கு யாராவது பொறி வைக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் ஒரு ஸ்பார்க் பிளக். அந்த பிளக்குக்கு மின்சாரம் கொடுக்க அதன் மேலேயே ஒரு காயில், எஞ்சின் தலையில் ஆழமான குழிக்குள் ரப்பர் உறையோடு இறங்கி உட்கார்ந்திருக்கும். நான்கு சிலிண்டர், நான்கு குழி, நான்கு காயில். அவற்றின் மேல் ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி. பானெட்டைத் திறந்தால் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த மூடி மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

முதல் சண்டை எண்ணெயில் வந்தது. ஆயில் மாற்ற நான் வாங்கி வைத்திருந்த டப்பாவை என் வீட்டுக்காரர் திறந்தார். விரலில் கொஞ்சம் தொட்டார். விரலை உருட்டினார்.

"இது இன்னா, தண்ணி மாதிரி ஓடுது? எஞ்சின் தாங்குமா? எங்க செக்‌ஷன்ல ஊத்தற ஆயில் கெட்டியா இருக்கும். அதக் கொண்டாறேன் இரு."

"வேண்டாங்க. இந்த வண்டிக்கு இதான் போடணும்."

"அடியே, நான் இத்தினி வருஷமா எஞ்சின் பாத்துகினு இருக்கறேன்."

"நீங்க பாக்கறது மலை மாதிரி எஞ்சின். இது உள்ள ஒவ்வொரு சந்தும் மயிரிழை. கெட்டி ஆயில் காலங்காத்தால ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏறிப் போறதுக்குள்ள உள்ள தேஞ்சு போயிடும். எனக்கு காலங்காத்தாலதான் வேல."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். மெல்லிய எண்ணெயைத்தான் ஊற்றினேன். வாரம் ஒருமுறை, வண்டி சமதளத்தில் ஆறி நிற்கும்போது, ஆயில் மட்டம் காட்டுகிற டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன். லேபில் ரத்தம் பார்க்கிறவளுக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை. நிறம் கருத்ததா, கசடு இருக்கிறதா, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா, எல்லாம் பார்ப்பேன்.

அடுத்தது ஏர் ஃபில்டர். இந்த ஊர்த் தூசி தனி ரகம். வெள்ளைப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு மறந்தால் மாலையில் சாம்பல் பூத்திருக்கும். பழுப்பு நிலக்கரித் தூள், அனல்மின் நிலையத்துச் சாம்பல், லாரி கிளப்புகிற செம்மண் மூன்றும் கலந்து வருவதை எஞ்சினும்தான் மூச்சு இழுக்க வேண்டும். மாற்றச் சொல்லிக் கையேட்டில் எழுதியிருந்த தூரத்துக்குப் பாதி தூரம் ஓடும்போதே என் ஃபில்டர் காகித மடிப்பெல்லாம் அடைத்துக்கொண்டது. வண்டி மிதித்தால் மந்தமாகப் போனது, பெட்ரோல் அதிகம் குடித்தது. தெருக்காரர் ஒருவர், "கம்ப்ரெசர் காத்துல அடிச்சா போச்சு, மைன்ஸ்ல அப்படித்தான்" என்றார். காகித ஃபில்டரைப் பலமாக ஊதினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், அப்புறம் அந்தத் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும், உள்ளே உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும். நான் புதிது வாங்கி மாட்டினேன். "காசு கொழுத்துப் போச்சு" என்றார் அந்தத் தெருக்காரர். ஆமாம், கொழுத்துத்தான் போச்சு என்று சொல்லிவிட்டு பானெட்டைச் சாத்தினேன்.

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றவும் நான் விடவில்லை. அதற்கென்று இருக்கிற கூலன்ட்தான், அதுவும் எஞ்சின் ஆறின பிறகுதான் மூடியில் கை வைப்பேன். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு, ஒவ்வொரு வழக்கிலும் நான்தான் எதிர்க்கட்சி. ஆனால் வண்டி நிற்கவில்லை. மழையில் ஓடியது, வெயிலில் ஓடியது. முத்தாண்டிக்குப்பம் வழியாக தினமும் பண்ருட்டிக்குப் போய் லேபைத் திறந்து, திருவதிகையிலிருந்து வருகிற பெரியவர்களுக்கு முதல் ஊசி குத்தினேன். மூத்தார் வரும்போதெல்லாம், "இன்னும் நிக்கலியா?" என்று கேட்பார். "நிக்கலைங்க மாமா" என்பேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்படியே இருந்திருக்கும், ஆயுத பூஜை வராமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை தீபாவளியை விடப் பெரியது. மைன்ஸில் ஒவ்வொரு செக்‌ஷனிலும் மெஷின்களை நிறுத்தி, அழுக்குப் போகக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம், பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வருவோம். அந்த வருஷம் மூத்தார் குடும்பத்தோடு பூஜைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு லேபில் அரை நாள் வேலை இருந்தது. அன்றைக்கு மட்டும் உடன் வேலை செய்கிற பெண்ணின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போனேன், பூஜைக்கு இருக்கட்டும் என்று வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு.

மதியம் திரும்பி வந்தால், வண்டி வாசலில் கல்யாணப் பெண்ணாக நின்றது. கண்ணாடி பளபளத்தது, சக்கரம் பளபளத்தது, முன்னால் சாமந்தி மாலை. என் வீட்டுக்காரர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே எஞ்சின்கூட மின்னியது. கருப்பு மூடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்திருந்தார்.

"எப்பிடி?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாள் என் வண்டியைப் பொம்மை, பொம்மை என்று சொன்ன மனுஷன் அதை உட்கார்ந்து துடைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். "ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை நாலடி முன்னால் எடுத்தோம். எல்லாரும் கைதட்டினார்கள். மூத்தாரும் தட்டினார்.

மறுநாள் விஜயதசமி. லேபுக்கு அன்று லீவு கிடையாது. காலையில் கிளம்பும்போதே வண்டி லேசாக இருமியது. குளிர் என்று நினைத்தேன். எஞ்சின் சூடேற ஏற இருமல் அதிகமானது. முத்தாண்டிக்குப்பத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கியது, மிதித்தாலும் வேகம் ஏறவில்லை, எதிரே டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சும்மா எரிந்தால் மெதுவாகப் போய் மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்ளலாம், விட்டுவிட்டு எரிந்தால் உடனே நிறுத்து என்று கையேடு சொல்லியிருந்தது. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை, பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது, அங்கே புகையைச் சுத்தம் பண்ணுகிற சாமானை அது சுட்டுப் பொசுக்கிவிடும் என்று அர்த்தம். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

நிறுத்தியது நான். ஆனால் நின்றது வண்டி.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். எடுத்தது மூத்தார். "அவன் குளிக்கறான். இன்னாம்மா?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது மாமா."

"நின்னுடுச்சா?" அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும். "நடுரோட்டுலயா? ஐயையோ. சரி சரி, நீ பஸ்ஸப் புடிச்சுப் போம்மா. வண்டிய அப்பறம் ஆள் வுட்டு இழுத்துக்கலாம். சாயங்காலம் வரச்சே சாவிய எடுத்துகினு வந்துடு."

போனை வைத்தேன். பயம் கொஞ்சம், கோபம் நிறைய. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, நின்னு போச்சா? மெக்கானிக்குக்குச் சொல்லட்டா? ஆனா பூஜை மறுநா, எவனும் வரமாட்டான்" என்றார். "வேண்டாங்க, ஒரு டீ குடுங்க" என்றேன். டீயைக் குடித்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். பானெட்டைத் திறந்தேன்.

லேபில் ஒரு ரிசல்ட் தப்பாக வந்தால் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அதையேதான் அங்கேயும் செய்தேன். மூடியைக் கழற்றி, காயிலுக்குப் போகிற மின் இணைப்பை முதல் சிலிண்டரில் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். நடுக்கம் இன்னும் கூடியது. அப்படியென்றால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அணைத்து, மாட்டி, அடுத்ததை எடுத்தேன். அதற்கும் நடுக்கம் கூடியது. மூன்றாவதை எடுத்தேன். எந்த மாற்றமும் இல்லை, முன்னால் எப்படி நடுங்கியதோ அப்படியே. வேலை செய்யாத ஆள் லீவு போட்டால் ஆபீசுக்கு என்ன தெரியும்? மூன்றாவதுதான் செத்திருந்தது.

டூல் கிட்டில் இருந்த ஸ்பானரால் அந்தக் காயிலின் போல்டைக் கழற்றி, மெதுவாகத் திருகி மேலே இழுத்தேன். ரப்பர் உறை வெளியே வந்தது. நுனியில் தண்ணீர் சொட்டியது. டீக்கடைக்காரரின் டார்ச்சை வாங்கிக் குழிக்குள் அடித்தேன். ஸ்பார்க் பிளக் தண்ணீரில் முங்கிக் கிடந்தது.

மழையே பெய்யாத வாரம். எங்கிருந்து வந்தது இந்தத் தண்ணீர் என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்லை.

பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். முதலில் வெளியே எடுக்க வேண்டும். என் பையில் ரத்தம் எடுக்கிற சாமான்கள் எப்போதும் இருக்கும், வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற கேஸ்கள் உண்டு. பெரிய சிரிஞ்சு ஒன்றைப் பிரித்து, அதில் மெல்லிய டியூபை மாட்டி, டியூபின் நுனியில் இருந்த ஊசியை வெட்டிவிட்டுக் குழிக்குள் விட்டு இழுத்தேன். சிரிஞ்சில் ஏறியது மஞ்சள் நிறத் தண்ணீர். பழக்க தோஷம், அதை ஒரு காலி சாம்பிள் டியூபில் பாய்ச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் மஞ்சளாக வண்டல் தங்கியது. மூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சந்தனம்.

அட பாவி மனுஷா என்று வாய்விட்டுச் சொன்னேன். டீக்கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று திடுக்கிட்டார்.

எல்லாம் விளங்கியது. துணியால் துடைக்கவில்லை. தண்ணீர் அடித்திருக்கிறார். மைன்ஸில் பூஜைக்கு முன்னால் டோசரைக் கழுவுகிற மாதிரி, பிரஷரில், எஞ்சினுக்கு நேராக. டோசருக்கு அது சரி, டீசலில் பிளக்கும் கிடையாது, குழியும் கிடையாது, காயிலும் கிடையாது. சேறு போக எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். வாழ்க்கை முழுக்க அதைச் செய்த கைக்கு இப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது. அடித்துவிட்டு மேலே சந்தனம் வேறு. ஈரத்தில் சந்தனம் கரைந்து மூடி இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. எஞ்சின் சூடானதும் குழிக்குள் தண்ணீர் ஆவியாகி, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியாக வெளியே ஓடிவிட்டது.

மிச்சத்தையும் உறிஞ்சி எடுத்தேன். பஞ்சைக் குச்சியில் சுற்றிக் குழியைத் துடைத்தேன். ரப்பர் உறையை உள்ளும் புறமும் துடைத்து வெயிலில் காயவைத்தேன். மற்ற மூன்று குழிகளையும் திறந்து பார்த்தேன், அவை காய்ந்திருந்தன. திரும்ப மாட்டினேன். சாவியைத் திருகும்போது எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லாரையும் கும்பிட்டிருப்பேன். எஞ்சின் கிளம்பியது. நடுக்கம் இல்லை. ஒரே சீரான சத்தம். டீக்கடைக்காரர், "அக்கா, டீக்குக் காசு வேண்டாம்" என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். லேபில் காத்திருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

நாள் முழுக்க எனக்குள் ஒரே கொண்டாட்டம். ஆதாரம் கையில் இருக்கிறது. வண்டி மேல் குற்றம் இல்லை, என் மேல் குற்றம் இல்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த டியூபைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வண்டியை ஓட்டிவந்தேன்.

ஹாலில் அதே நாற்காலியில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஜன்னலோரம். மூத்தாரின் மனைவி சுவரில் சாய்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தார். நான் டியூபை டீப்பாயில் வைத்தேன்.

"இன்னா இது?" என்றார் மூத்தார்.

"எஞ்சினுக்குள்ளாற இருந்து எடுத்தேன். மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து எடுத்தார், மூடியைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளக் மேலயா?" என்று மெதுவாக என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

இவர் வாயை மூடிக்கொண்டால் நானே சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் முன்னால், தொழில் தெரிந்த மனுஷனை.

"நான்தான்ணா தண்ணி அடிச்சேன்" என்றார் அவர். "மிஷினுக்கு அடிக்கற பழக்கத்துல அடிச்சுட்டேன். டீசல்ல இந்தத் தொந்தரவு கெடையாது. வண்டி மேல தப்பு இல்ல."

முடிந்தது என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூத்தார் பல் குத்திக்கொண்டிருந்த குச்சியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"யாரு தண்ணி அடிச்சா இன்னாடா? நின்னுச்சா, நிக்கலியா?" என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, உள்ளங்கையை நீட்டினார். "வார்த்தைன்னா வார்த்தைம்மா. சாவிய வையி."

காலையிலிருந்து என்னவெல்லாம் செய்தேன். தெருவில் நின்று குழியைத் துடைத்து, சாம்பிள் எடுத்து, பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்து. எல்லாம் எதற்கு? இவருக்கு என் எஞ்சின் எப்படிப் போனால் என்ன? தண்ணீர் இல்லையென்றால் பஞ்சர். பஞ்சர் இல்லையென்றால் பேட்டரி. எந்த எஞ்சினும் என்றைக்காவது ஒருநாள் நிற்கத்தான் செய்யும். அதை நிற்காமல் வைத்துக் காட்டினால்தான் அது என்னுடையது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொடுத்திருக்கிறேன். டோசர் எத்தனை தடவை நின்றிருக்கிறது, அதற்காக யாராவது இவர் தம்பியை வேலையை விடச் சொன்னார்களா? எனக்கு மட்டும் என்ன அப்படி ஒரு பரீட்சை?

"தர மாட்டேன் மாமா" என்றேன்.

"இன்னாது?"

"நின்னுச்சு. உண்மைதான். நின்னா குடுக்கறேன்னு சொன்னேன், அதுவும் உண்மைதான். இப்ப தர மாட்டேன்னு சொல்றேன்."

"வார்த்த மாறுறியா?"

"மாறுறேன். அப்படி ஒரு வார்த்தைய நான் சொல்லியே இருக்கக் கூடாது. என் வண்டி நின்னாலும் என் வண்டிதான். நாளைக்கு மறுபடி நிக்கும், எறங்கிப் பாப்பேன். எனக்குத் தெரியாட்டி தெரிஞ்சவங்களக் கூப்புடுவேன். சாவி எங்கிட்டதான் இருக்கும்."

பூ தொடுத்துக்கொண்டிருந்த மூத்தாரின் மனைவி கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மூத்தாரின் உள்ளங்கை இன்னும் நீண்டுதான் இருந்தது. என்னைவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா? உன் வூட்டுலயே உனக்கு முன்னாடி வார்த்த மாறுறா. நீ இன்னா, வாய்ல கொழுக்கட்டையா? கேளு அவள."

என் வீட்டுக்காரர் டியூபின் மூடியை அழுத்தி மூடி டீப்பாயில் வைத்தார்.

"காலையில அவ லேபத் தெறக்கணும்ணா" என்றார்.

மூத்தார் கையை மடக்கிக்கொண்டார். நான் அன்றைக்கு அவருக்குக் காப்பி போடப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். இன்றைக்கும் அவர்மேல் கோபம் வரும்போது அதை நினைத்துத்தான் பாதி கோபத்தை விடுகிறேன். ஆனால் ஒன்று. அவர் அதைச் சொல்லாமலே நின்றிருந்தாலும், மறுநாள் காலையில் நான் லேபைத் திறந்திருப்பேன்.